அரிய பறவையைத் தேடும் முன் உள்ளானை எண்ணுவோம்

ஐப்பசி பிறந்து முதல் பெருமழை ஓய்ந்ததும் சக ஆசிரியர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “டீச்சர், பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகணும். அபூர்வமான பறவை எங்கே பார்க்கலாம்?”

கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பள்ளிகளில் பணிபுரிபவர்களுக்கு இடம் சொல்வது எளிது. வடக்கே தென்பெண்ணை கடலில் சேரும் தாழங்குடா, தெற்கே கொள்ளிடம், இடையில் கெடிலம், உப்பனாறு, வெள்ளாறு. உள்ளே தள்ளி வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி, வீராணம். கடலோரத்தில் பிச்சாவரம். ஆனால் இடத்தின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பினால், போய்விட்டு வந்து “ஒண்ணும் இல்லையே டீச்சர், கொக்கும் காக்காவும்தான் இருந்தது” என்பார்கள். அவர்கள் போன வேளை தவறாக இருந்திருக்கும், அல்லது தண்ணீர் அதிகமாக இருந்திருக்கும். பல நேரம் சேற்றில் ஓடிக்கொண்டிருந்த சில நூறு சிறு பறவைகளை ‘உள்ளான்தானே’ என்று கடந்து வந்திருப்பார்கள். அந்த உள்ளான் கூட்டத்தைப் பற்றித்தான் இக்கட்டுரையில் அதிகம் பேசப்போகிறேன்.

வந்தவை எவை, இங்கேயே இருப்பவை எவை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஏரியில் பெரிய வெள்ளைப் பறவைகள் கூட்டமாக இறங்கினால் உடனே ‘சைபீரியப் பறவைகள் வருகை’ என்று செய்தி வருகிறது. கைப்பேசியில் வரும் படங்களில் ‘சைபீரியக் கொக்கு’ என்று எழுதியிருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் அது மஞ்சள்மூக்கு நாரை, இல்லையென்றால் நத்தைக்குத்தி நாரை. உண்மையான சைபீரியக் கொக்கு ராஜஸ்தானின் பரத்பூருக்கு வந்துகொண்டிருந்தது. அங்கே வந்த கடைசி இணையும் 2002-க்குப் பிறகு வரவில்லை.

மாணவர்களுக்குச் சொல்ல எளிய விதி ஒன்று உண்டு. மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் ஒரு பறவை இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரித்தால் அது நம் நாட்டுப் பறவை. வேடந்தாங்கலில் நவம்பர் முதல் கூடு கட்டும் நாரைகள், கூழைக்கடாக்கள், அரிவாள் மூக்கன்கள், நீர்க்காகங்கள் எல்லாம் இந்த வகை. அவை தண்ணீரையும் மீனையும் தொடர்ந்து ஊர்விட்டு ஊர் நகரும்; இமயத்தைக் கடந்து வருவதில்லை. வடக்கேயிருந்து வலசை வருபவை இங்கே கூடு கட்டுவதில்லை. அவற்றின் கூடு, குஞ்சு எல்லாம் கோடையில் அங்கேதான். இங்கே வருவது தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ள.

குளிருக்குப் பயந்து வருகின்றன என்று நாம் பாடம் நடத்துவதும் பாதி சரிதான். இறகுப் போர்வை உள்ள பறவைக்குக் குளிர் பெரிய தொல்லையில்லை. நிலம் உறைந்துவிட்டால் சேற்றுக்குள் மூக்கை விட முடியாது, பூச்சி கிடைக்காது, பகல்பொழுதும் சுருங்கிவிடும். இரை தீர்ந்துபோவதுதான் அவற்றைக் கிளப்புகிறது. சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குத் தூது சொல்லி அனுப்பிய நாரை பாட்டு நமக்கெல்லாம் தெரியும். தெற்கே குமரித்துறையில் ஆடிவிட்டு வடக்கே திரும்பும் பறவையாக அதைப் பாடியிருக்கிறார். செங்கால் நாரை இன்றைக்கும் தமிழ்நாட்டுக்குக் குளிர்காலத்தில் வருகிறது, ஆனால் மிகக் குறைவாக. நாரைகள் பருவத்துக்கு ஒரு திசை பார்த்துப் பறக்கும் என்பது இங்கே அப்போதே தெரிந்த செய்திதான். தமிழ் ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஒரே வாரத்தில் சேர்ந்து நடத்த இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

மழை, தண்ணீர், சேறு

நம் பகுதியின் சிறப்பு, வலசைப் பறவை வந்து சேரும் காலமும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஒன்றாக இருப்பது. அக்டோபரில் பறவைகள் வரத் தொடங்கும்போது சம்பா வயல்களில் தண்ணீர் நிற்கிறது, ஏரிகள் நிறைகின்றன. நவம்பர், டிசம்பரில் வெள்ளம் வந்தால் முகத்துவாரங்கள் மூழ்கிவிடும். அப்போது சேற்றுப் பறவைகளுக்கு நிற்க இடமில்லை, சிதறிவிடும். தை பிறந்து வெள்ளம் வடிந்து, சேறு பளபளவென்று வெளியே தெரியும்போதுதான் அவை ஒன்றுகூடும். அதனால் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரையே நமக்கு நல்ல காலம். டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் அதிகம்.

‘ஏரி நிறைந்திருக்கிறது, பறவை நிறைய இருக்கும்’ என்பதும் எப்போதும் சரியல்ல. ஒவ்வொரு பறவையின் காலும் மூக்கும் ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்கே பொருந்தும். கொசு உள்ளான் சுமார் 25 கிராம்தான், மூன்று பத்து ரூபாய் நாணயங்களைவிடச் சற்றே கூடுதல் எடை. அது ஈரச் சேற்றின் மேற்பரப்பில் மட்டுமே கொத்தித் தின்ன முடியும். பவளக்காலி, பச்சைக்காலி கணுக்கால் நனைய நிற்கும். நெடுங்கால் உள்ளான் இன்னும் ஆழத்தில் நடக்கும். கருவால் மூக்கன் நீண்ட மூக்கைச் சேற்றுக்குள் முழுதாகச் செருகும். தட்டைவாயன், ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற வாத்துகள் நீந்தியபடி தலைகீழாகக் கவிழ்ந்து எட்டும் ஆழம் வரை மேயும். அதற்கும் ஆழமாகிவிட்டால் முக்குளிப்பானும் நீர்க்காகமும்தான். ஏரி தூர்ந்துபோவது விவசாயிக்கு நட்டம். ஒரு சாண் தண்ணீர் நிற்கும் மேடு மூக்கனுக்கு விருந்து. இரண்டும் உண்மை, இரண்டையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

வகுப்பறையிலேயே இதைச் செய்து காட்டலாம். ஒரு அகலமான பிளாஸ்டிக் தட்டில் ஈர மணலைப் பரப்பி, மொச்சை, பச்சைப்பயறு, கடுகு மூன்றையும் வெவ்வேறு ஆழத்தில் புதைத்துவிடுங்கள். ஒரு குழுவுக்கு இடுக்கி, ஒரு குழுவுக்குத் துணி மாட்டும் கிளிப், ஒரு குழுவுக்குக் கரண்டி. ஒரு நிமிடத்தில் யார் எதை எத்தனை எடுத்தார்கள் என்று கரும்பலகையில் எழுதினால் போதும். ஒரே சேற்றில் பத்து வகைப் பறவை சண்டையில்லாமல் எப்படி மேய்கின்றன என்று நீங்கள் விளக்கத் தேவையே இருக்காது.

எங்கே, எந்த வேளையில்

கடலோரத்தில் கடிகாரத்தைவிட ஓதம்தான் முக்கியம். நம் கரையில் ஒரு நாளில் இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிதாக இருக்காது, ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் சமதளமான சேற்றுவெளியில் அந்த அளவே பல ஏக்கரை மூடித் திறக்கப் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் கூடுதலாக இருக்கும். நீர் வற்றும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இதையெல்லாம் கணக்குப் போட்டு அலைய வேண்டாம். கிள்ளை, முடசல் ஓடை, பரங்கிப்பேட்டைப் பக்கத்து மீனவர் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். “நாளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணி வத்தும்?” என்று கேட்டால் வீட்டில் விசாரித்து வந்து சொல்லிவிடுவார்கள். நீர் வற்றத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் பறவைகள் கரைக்கு அருகில் மேயும். முழுதாக வற்றிவிட்டால் தூரம் போய்விடும், வெறுங்கண்ணுக்குப் புள்ளிதான்.

பிச்சாவரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அலையாத்திக் காடு. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சுற்றுலாப் படகில் ஏறிக் கால்வாய்களுக்குள் போனால் மீன்கொத்தி, குருட்டுக்கொக்கு, மரக்கிளையில் கொக்குகள் தெரியும், அழகான பயணம்தான். ஆனால் வலசைப் பறவைக் கூட்டம் மரங்களுக்கு நடுவே இல்லை, வெளியே திறந்த சேற்றிலும் மணல் திட்டிலும் இருக்கிறது. வெள்ளாற்று முகத்துவாரமும் கிள்ளை உப்பங்கழியும்தான் அதற்கு உரிய இடம். உப்புக்கொத்தி வகைகள், கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், கோட்டான், பல வகை ஆலாக்கள் இங்கே இருக்கும். பூநாரை வந்தால் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிதம்பரம் கோயிலின் தல மரமான தில்லை இக்காட்டில் நிறைய உண்டு. அதன் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. இலையைக் கிள்ளாதீர்கள் என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வெயில் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். கடற்கரையில் காலையில் கிழக்கே பார்த்தால் கண் கூசும், பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத் தெரியும். ஓதம் ஒத்துவந்தால் தாழங்குடாவுக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் மாலையில் போங்கள். மணல் திட்டில் கடற்காகங்களும் ஆலாக்களும் ஒரே திசையைப் பார்த்து, காற்றுக்கு எதிராக முகம் வைத்து நிற்கும். அவற்றில் பழுப்புத்தலைக் கடற்காகம் திபெத்தியப் பீடபூமிப் பக்கத்து உயரமான ஏரிகளில் குஞ்சு பொரிப்பது. வீராணத்தில் இது தலைகீழ். அதன் கரை கிழக்கே இருப்பதால் காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். சேத்தியாத்தோப்பிலிருந்து லால்பேட்டை வரை கரையோரமாகவே போகலாம். விராலடிப்பான் தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கால்களை நீட்டிப் பாய்வதைப் பார்க்க வீராணத்தைப் போன்ற பெரிய ஏரிதான் வேண்டும். சோழர் காலத்து ஏரி, சென்னைக்குக் குடிநீர், பறவைக்கு இரை என்று சமூக அறிவியல் ஆசிரியருக்கும் அங்கே வேலை இருக்கிறது.

குறிஞ்சிப்பாடி பக்கத்துப் பெருமாள் ஏரிக்கும் வாலாஜா ஏரிக்கும் நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீரும் வருகிறது. மழை குறைந்த ஆண்டிலும் அங்கே வாத்துகளைத் தேடலாம். பட்டைத்தலை வாத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிக்குப் போவது நல்லது. 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஏரி அது. இமயமலையைத் தாண்டி வரும் இந்த வாத்து 7,000 மீட்டருக்கு மேல் பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்த இடங்களுக்குப் போகப் பேருந்து ஏற்பாடு, அனுமதி, பெற்றோர் கையொப்பம் எல்லாம் தேவை. எதுவும் தேவைப்படாத இடம் ஒன்று உண்டு. அது நம் பள்ளி வளாகம். புரட்டாசி, ஐப்பசியில் விடியலிலும் மாலை ஆறு மணி வாக்கிலும் புதர்ப் பக்கத்திலிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை கேட்டால் அது ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றடியில் சிவப்பு, கண்ணில் மை தீட்டியதுபோல் கறுப்புப் பட்டை. மத்திய இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு இரவில் பறந்து தெற்கே வருகிறது. களைத்துப்போய் விளக்கு வெளிச்சத்தில் சுவரிலோ சன்னலிலோ மோதி விழுவதுண்டு. அப்படிக் கிடைத்தால் காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது. கூடிநின்று படம் எடுக்கவும் கூடாது. ஓரிரு மணி நேரத்தில் தெளிந்தால் புதர் ஓரத்தில் விட்டுவிடலாம். தெளியவில்லை என்றால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். புயலுக்குப் பின் உள்ளூர் வந்து விழும் கடல் பறவைகளுக்கும் இதே முறைதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைப் பார்த்த மாவட்டம் இது. நமக்கு இந்த அறிவு தேவைப்படும்.

எது அரியது?

‘அரிய பறவை’ என்ற ஒரே சொல்லில் நாம் பலவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வழி தவறி ஒரே ஒரு முறை வந்துவிட்ட பறவையும் அரியது. ஆண்டுதோறும் இரண்டு மூன்றாக வந்துபோவதும் அரியது. கொடிக்கால் வாலாட்டிபோல மர நிழலில் சருகோடு சருகாக நடப்பது இருந்தும் கண்ணில் படாதது, அதனால் அரியது என்று நினைக்கிறோம். இந்த மூன்றையும்விட எனக்குக் கவலை தருவது நான்காவது வகை: நம் ஊரில் கூட்டமாகத் தெரிவதால் சாதாரணம் என்று எண்ணி, உலக அளவில் வேகமாகக் குறைந்துவருவதை நாம் கவனிக்காத பறவைகள்.

2024 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 16 வகைக் கரையோரப் பறவைகள் முன்பைவிட அதிக ஆபத்துள்ள நிலைக்கு மாற்றப்பட்டன. வளைமூக்கு உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் ‘அழிவுக்கு உள்ளாகக்கூடியவை’ என்ற நிலைக்கு வந்தன. இரண்டும் நம் முகத்துவாரங்களில் குளிர்காலத்தில் காணக்கூடியவை. வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் வடகோடித் தூந்திர நிலத்தில் குஞ்சு பொரிக்கிறது. ‘சைபீரியப் பறவை’ என்ற சொல்லுக்கு உண்மையிலேயே தகுதியானது இந்தக் கைப்பிடி அளவுப் பறவைதான். செய்தியில் இதன் படம் வருவதில்லை.

இந்தப் பறவைகளின் வாழ்க்கை ஒரு நீண்ட சங்கிலி. குஞ்சு பொரிக்கும் நிலம், வழியில் இறங்கி இரை தேடும் சேறு, குளிர்காலத்தைக் கழிக்கும் கரை என்று எந்தக் கண்ணி அறுந்தாலும் அடுத்த ஆண்டு எண்ணிக்கை குறையும். பட்டைவால் மூக்கன் ஒன்று 2022-ல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் கடந்தது. பிறந்து ஐந்து மாதமே ஆன பறவை. எரிபொருள் எல்லாம் புறப்படும் முன் உடம்பில் சேர்த்த கொழுப்புதான். நம் கரையில் பிப்ரவரி, மார்ச்சில் ஓர் உள்ளான் ஓயாமல் கொத்திக்கொண்டிருப்பதும் திரும்பிப் போவதற்கான கொழுப்பைச் சேர்க்கத்தான். பறக்கும்போது படம் எடுக்க வேண்டும் என்று கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறவர்களை நான் கண்டிப்பது இதனால்தான். ஒரு தடவை கிளப்பினால் என்ன என்று தோன்றும். ஒரே நாளில் பத்துப் பேர் அப்படி நினைக்கிறார்கள்.

கரண்டிமூக்கு உள்ளான் உலகிலேயே சில நூறுதான் மிச்சம். தமிழ்நாட்டில் அது முன்பு கோடியக்கரையில் பதிவாகியிருக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக அங்கே பறவைகளைப் பிடித்து வளையமிட்டு விடுவித்து வந்ததால் பல செய்திகள் தெரியவந்தன. உருவத்தில் அது கொசு உள்ளானைப் போலவே இருக்கும். மூக்கு நுனி மட்டும் கரண்டி. ஆயிரம் கொசு உள்ளான்களைப் பொறுமையாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கே ஆயிரத்தோராவது வேறு என்று தெரியும். அரிய பறவை எங்கே கிடைக்கும் என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள், அங்குள்ள சாதாரணப் பறவைகளை எண்ணத் தொடங்குங்கள்.

எண்ணுவது எப்படி, எழுதுவது எப்படி

பள்ளியைப்போல் இதற்கு ஏற்ற அமைப்பு வேறில்லை. நாம் ஆண்டு முழுதும் ஒரே இடத்தில் இருக்கிறோம். வருகைப் பதிவேடு எழுதும் பழக்கம் உள்ளவர்கள். பள்ளிக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு குளமோ வாய்க்காலோ வயலோ இருந்தால் போதும். அக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் இருமுறை, ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில், 15 நிமிடம். தேதி, நேரம், இடம், வானிலை, தண்ணீர் அளவு, பறவை, எண்ணிக்கை. பெயர் தெரியாவிட்டால் பெயரில்லாமலே எழுதலாம். ‘மைனா அளவு, நீண்ட சிவப்புக் கால், பறக்கும்போது சிறகின் பின்னோரம் வெள்ளை’ என்று எழுதியிருந்தால் அது பவளக்காலி என்று பிறகு கண்டுபிடித்துவிடலாம். ‘அழகான பறவை’ என்று எழுதியதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. விவரித்து எழுதும் பயிற்சிக்கும் இது உதவும்.

கூட்டத்தை எண்ண ஒரு வழி உண்டு. முதலில் பத்துப் பறவையைத் துல்லியமாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டு, கூட்டம் முழுவதையும் அந்த அளவால் அளப்பது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். போன அன்று ஒன்றும் இல்லை என்றால் ‘0’ என்று எழுதச் சொல்லுங்கள். அந்தச் சுழியம் இல்லாவிட்டால், பறவை வரவில்லையா நாம் போகவில்லையா என்று ஐந்து ஆண்டு கழித்து யாருக்கும் தெரியாது.

அரிய பறவை என்று யாராவது சொன்னால், எந்தச் சாதாரணப் பறவையோடு ஒப்பிட்டு, அது இல்லை என்று எப்படி முடிவு செய்தாய் என்று கேட்கிறேன். படம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே வரைந்த கோட்டோவியம், மூக்கு, கால், வால் என்று உறுப்பு உறுப்பாக. புத்தகத்தைப் பார்ப்பதற்கு முன் வரைய வேண்டும். பார்த்த பின் வரைந்தால் புத்தகத்தில் இருப்பதுதான் நோட்டில் வரும். க. ரத்னம் எழுதிய ‘தமிழ்நாட்டுப் பறவைகள்’, ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ இரண்டும் பள்ளி நூலகத்தில் இருக்க வேண்டியவை.

இந்தப் பதிவுகள் நோட்டோடு நின்றுவிட வேண்டியதில்லை. 2023-ல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 வகைகளை ஆராய்ந்தது. அவற்றில் 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. அதற்கு அடிப்படையாக இருந்தவை 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் ஈபேர்டு தளத்தில் பதிந்த 3 கோடிப் பதிவுகள். நம் வயல்களில் கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை வேகமாகக் குறைகிறது என்று தெரிந்ததும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. விடுமுறையில் பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே செய்யலாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில், வளாகப் பறவைக் கணக்கெடுப்பு பிப்ரவரியில். வனத்துறையின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்புக்கும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆந்தையின் பொந்தோ, கூடோ, கூட்டமாக அடையும் மரமோ கண்டுபிடித்தால் மட்டும் இடத்தைப் பொதுவில் போட வேண்டாம்.

இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்

ஒன்று, மரம் நடுதல். சுற்றுச்சூழல் மன்றம் என்றாலே நமக்கு முதலில் மரக்கன்றுதான் நினைவுக்கு வரும். திறந்து கிடக்கும் சேற்றுவெளியைப் பார்த்து ‘சும்மா கிடக்கிற இடம், நட்டுவிடலாம்’ என்று தோன்றுவது இயல்பு. பிச்சாவரத்தில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி அலையாத்தியை மீட்டன. அது முன்பு காடாக இருந்து சிதைந்துபோன இடம். தொன்றுதொட்டு வெட்டவெளியாகவே இருக்கும் சேறு அப்படியல்ல. அங்கே மரம் வந்தால் உள்ளானுக்குத் தட்டு பறிபோகிறது. நடுவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு குளிர்காலம் முழுக்கப் பறவைகளை எண்ணிப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மற்றொன்று கொஞ்சம் சங்கடமானது. ஒருமுறை எட்டாம் வகுப்பில் உள்ளானின் குரலைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன், “டீச்சர், இது பச்சைக்காலி. மூணு வாட்டி கத்தும். எங்க தாத்தா இருட்டுல கேட்டே சொல்லுவார்” என்றான். எப்படித் தெரியும் என்றதற்கு, “முந்தி கண்ணி வைப்பாங்க” என்றான். வகுப்பு சிரித்தது. “அவனைப் போலீஸ்ல புடிச்சுக் குடுங்க டீச்சர்” என்று ஒரு குரல். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 காட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் குற்றம் என்கிறது. அதை நான் மறைக்கவில்லை, அன்றைக்கே சொன்னேன். ஆனால் அந்தப் பையனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திச் சொல்லவில்லை. தாத்தாவுக்கு எத்தனை வகை உள்ளான் தெரியும், எந்த மாதம் எது வரும், எது இப்போது வருவதில்லை என்று கேட்டு எழுதிவரச் சொன்னேன். மறுவாரம் இரண்டு பக்கம் எழுதி வந்தான். பதினோரு பெயர்கள். அவற்றில் நான்குக்கு எந்தக் கையேட்டிலும் என்னால் இணை காண முடியவில்லை. அவன்தான் அந்தப் பருவம் முழுவதும் எங்கள் குழுவில் குரலை வைத்துப் பறவை சொன்னவன்.

கரையோரத்தில் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்களிலும், வயலில் நாற்று நடும் வீடுகளிலும் இந்த அறிவு இருக்கிறது. பெரியவர்கள் சொல்லும் ‘முன்னெல்லாம் இருட்டாக வரும், இப்ப இல்லை’ என்பதைத் தேதியும் எண்ணும் உள்ள பதிவாக மாற்ற முடியாது. ஆனால் எந்தப் பறவையை இப்போதே எண்ணத் தொடங்க வேண்டும் என்று அது சொல்லிவிடும்.

மார்ச் கடைசியில் தேர்வுப் பரபரப்பில் இந்த வேலை நின்றுபோகிறது. முடிந்தால் அந்த ஒரு முறையை மட்டும் விடாதீர்கள். குளிர்காலம் முழுதும் மங்கிய சாம்பல் நிறத்தில் திரிந்த வளைமூக்கு உள்ளான்களில் சிலவற்றுக்கு அப்போது மார்பிலும் வயிற்றிலும் செங்கல் நிறம் ஏறத் தொடங்கியிருக்கும். சேற்றில் நிற்கும் கூட்டத்தில் எத்தனை சிவந்திருக்கின்றன, எத்தனை இன்னும் சாம்பலாக இருக்கின்றன என்று தனித்தனியாக எண்ணி எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரம் போனால் சிவந்தவை முதலில் காணாமல் போயிருக்கும்.